பேசஞ்சர் சீட்டில் குழந்தை இருக்கை வைத்தால் ஏர்பேக் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. சீட் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா? எமுலேட்டர் போட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று கராஜில் சொல்கிறார்கள்.

ஒயரைப் பார்க்காமல் மாற்றாதீர்கள். நான் ஷார்ஜா சனாயாவில் (தொழிற்பேட்டையில்) ஆட்டோ எலக்ட்ரீஷியன். "எமுலேட்டர் போட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று கராஜில் சொல்கிறார்கள்" என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு சும்மா கடந்துபோக முடியவில்லை.

அமெரிக்க இறக்குமதிக் கார் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2000களின் நடுவிலிருந்து அந்த நாட்டுக்கென்று தயாரான கார்களில் பெரும்பாலும் முன் பேசஞ்சர் சீட்டிலேயே எடை பார்க்கும் அமைப்பு இருக்கும். சிலவற்றில் மெத்தைக்கு அடியில் மேட், சிலவற்றில் திரவப் பை, சிலவற்றில் சீட்டின் கால்களில் நான்கு சென்சார். சீட் காலி, குழந்தை இருக்கை, பெரிய ஆள் என்று பிரித்துப் பார்த்து, குழந்தை என்றால் முன் ஏர்பேக்கை நிறுத்திவைக்கும். எமுலேட்டர் என்ன செய்யும் தெரியுமா? எப்போதும் பெரிய ஆள் உட்கார்ந்திருப்பதாகக் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும். விளக்கு அணையும், உண்மைதான். ஆனால் பின்னோக்கி வைத்த குழந்தை இருக்கை அங்கே இருக்கும்போது மோதினால், ஏர்பேக் நேராக அதன் முதுகில் வந்து அடிக்கும். இதைச் சில திர்ஹாமுக்கு விற்கிறவர்களை என்ன சொல்வது?

2024 ஏப்ரல் 16 மழை இங்கே இருக்கிறவர்களுக்கு மறக்காது. அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எங்களிடம் வந்தன. மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கொண்டுவந்ததும் அப்படி ஒன்றுதான். ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் விளக்கு வரும், கொஞ்ச தூரம் போனால் அணையும். வேறொரு கராஜில் சீட் சென்சார் முழு செட்டும் மாற்றச் சொல்லி, சில ஆயிரம் திர்ஹாம் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை மட்டும் படித்து அழிக்காமல், சென்சார் அந்த நேரத்தில் காட்டும் எண்களான லைவ் டேட்டாவைத் திறந்தேன். சீட் காலியாக இருக்கும்போது எடை பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். நின்றது. சீட்டுக்கு அடியில் போகிற ஒயர்க் கட்டை லேசாக அசைத்ததும் எண் தாவியது. சென்சார் கெட்டிருந்தால் ஒயரை ஆட்டுவதற்கு ஏன் அது பதில் சொல்ல வேண்டும்? சென்சாருக்கு 5 வோல்ட் சரியாக வந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை சென்சார் எர்த்திலும் வைத்தேன். சில மில்லிவோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதாவது எர்த் ஒயரில்தான் எங்கோ தடை. அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கினால், அடியில் இருந்த ஃபோம் இன்னும் ஈரம். எர்த் ஒயர்கள் சேரும் இடத்தில் டேப்புக்கு வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. டேப்பைப் பிரித்தால் பச்சைப் பூஞ்சை மாதிரி செம்புத் துரு. விரலில் பிடித்ததும் கம்பி பொடியாக உதிர்ந்தது. நல்ல ஒயர் வரும்வரை வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டேன். பிறகு சமதளத்தில் நிறுத்தி, காலி சீட்டை பூஜ்யம் என்று பதியவைக்கும் ஜீரோ கலிபரேஷன், 30 கிலோ எடை வைத்துச் சரிபார்ப்பு. அந்த சென்சார்கள் இன்றும் வேலை செய்கின்றன.

வெள்ளத்தில் நிற்காத காரிலும் இது வரும். ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்தால் அந்தப் பக்கக் கார்ப்பெட்தான் நனையும். சீட்டுக்கு அடியில் தண்ணீர் கேனைத் திணித்திருந்தாலும், தடிமனான சீட் கவர் போட்டிருந்தாலும் எடை தப்பாகத் தெரியும். முதலில் அதைப் பாருங்கள்.

"ஏர்பேக் விஷயத்தில் கைவைக்கச் சொல்கிறாயே" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஏர்பேக்கைத் தொடச் சொல்லவில்லை. கனெக்டரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டுக் கம்பெனி மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். நான் பத்து நிமிடமாவது விடுவேன். அதே சீட்டில் சைடு ஏர்பேக், பெல்ட் டென்ஷனர் (மோதும்போது பெல்ட்டை இறுக்குவது) கனெக்டர்களும் இருக்கும், மஞ்சள் நிறம். அவற்றில் ஓம் மீட்டர் வைக்கவே கூடாது. இது தெரியாதவர் சீட்டைக் கழற்ற வேண்டாம். சென்சாரே கெட்டுப்போவதும் உண்டு. 2023 டிசம்பரில் டொயோட்டாவும் 2024 பிப்ரவரியில் ஹோண்டாவும் இந்த சென்சார் ஷார்ட் ஆகலாம் என்று லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தன. உங்கள் காரின் 17 இலக்க அடையாள எண்ணை (விஐஎன்) அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு பார்ட்ஸ் வந்தால் பேசாமல் பணம் கொடுக்கிறார்கள். அரை நாள் தேடி ஒரு ஒயரைக் கண்டுபிடித்தால் "ஒயர்தானே ஒட்டினீங்க" என்று பேரம் பேசுகிறார்கள். ஐடிஐயில் படித்தது, இத்தனை வருடம் கற்றது எல்லாம் அந்த அரை நாளில்தான் இருக்கிறது. கராஜ்காரர்கள் பார்ட்ஸ் மாற்றுவதிலேயே குறியாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கராஜில் லைவ் டேட்டாவில் எடை எவ்வளவு காட்டுகிறது, எர்த்தைச் சோதித்தீர்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சரியாகும்வரை குழந்தை பின் சீட்டிலேயே இருக்கட்டும். சரியான பிறகும் அங்கேதான் இருக்க வேண்டும், இந்த நாட்டில் பத்து வயதுக்குள் முன்னால் உட்காரவைக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை.