வேம்பு ஏன் காய மாட்டேன் என்கிறது?

கேள்வி: மழை விட்டு மறுநாள் மதியம் வரை எங்கள் வேப்பமரத்தின் அடிமரம் கறுத்து, தொட்டால் சில்லென்று ஈரமாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் கொய்யா சீக்கிரமே காய்ந்துவிடுகிறது. வேம்பு பட்டை வழியாகவும் தண்ணீர் குடிக்குமா அம்மா?
– வாசகி, தென்காசி

பதில்: குடிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. வேம்பின் வெளிப்பட்டை செத்த திசு. வருடக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்து, மரம் பருக்கப் பருக்க வெடித்துப் பிளந்தது. அந்தப் பிளவுகளிலும், செத்த நார்களுக்கு நடுவே உள்ள நுண்துளைகளிலும் மழைநீர் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெயிலும் காற்றும் உள்ளே எட்டாததால் லேசில் கிளம்பாது. கொய்யாவோ பழைய பட்டையைச் சீவல் சீவலாக உரித்துப் போடுகிற மரம். மிச்சமிருக்கும் வழவழப்பில் தண்ணீர் நிற்க இடம் ஏது? அடுத்த மழையில் குடையோடு போய்ப் பாருங்கள். கொய்யாத் தண்டில் தண்ணீர் சீக்கிரமே வழியத் தொடங்கும். வேம்பில் பட்டை ஊறிய பிறகுதான்.

ஆனால் ஊறுவதும் உடனே நடக்காது. செத்த நார்களுக்கு இடையிடையே தக்கை அடுக்குகள் உண்டு. அவற்றின் செல் சுவர்களில் சூபெரின் என்ற மெழுகுத்தன்மையான பொருள் படிந்திருப்பதால் தண்ணீர் எளிதில் தாண்டாது. போர்ச்சுகலில் கார்க் ஓக் மரத்திலிருந்து உரித்துப் புட்டி மூடி செய்வது இந்தத் தக்கையைத்தான். நன்றாகக் காய்ந்த பட்டை முதலில் விழும் தண்ணீரை உருட்டியே விட்டுவிடும். ஏற்காட்டில் என் ஆர்க்கிட் தொட்டிகளுக்கு வாங்கும் பைன் பட்டைத் துண்டுகளும் இதே ரகம்தான். வாளியில் முக்கி எடுத்தால் மேல்தான் நனையும், பிட்டுப் பார்த்தால் உள்ளே பொட்டல். ராத்திரி முழுக்க ஊறப் போட்டால்தான் வழிக்கு வரும். அப்புறம் சில நாளைக்கு வேருக்குக் கவலையில்லை. நம் ஊர் வாண்டா (Vanda) வகை ஆர்க்கிட் மாமரத்தின் சொரசொரப்பான பட்டையில் சுகமாக ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம்.

சரி, ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காதா? மெல்லிய கிளைகளில் கொஞ்சம் இறங்குகிறது. கலிபோர்னியாவின் கடலோர ரெட்வுட் மரங்களில், நனைந்த பட்டை வழியாகக் கிளையின் கட்டைக்குள் தண்ணீர் போவதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூடுபனியில் நனைந்துகொண்டே நிற்கும் மரங்கள் அவை. உங்கள் வேம்பின் தடித்த அடிமரத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு வேர் இருக்கிறது.

ஈரமாக இருக்கிறதே என்று பயந்து சுரண்டிவிடாதீர்கள். மழைக்கு நனைந்து காய்கிற பட்டைக்கு ஒன்றும் ஆகாது. அடிமரத்தை ஒட்டி மண்ணையோ சருகையோ குவித்து வைத்திருந்தால் மட்டும் ஒரு சாண் தள்ளி விடுங்கள். காயவே வழியில்லாத இடத்தில்தான் பட்டை அழுகும்.