நீங்கள் பார்த்த சிறிய உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகங்களில் எது உங்கள் மனத்தில் நின்றது?

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் இருக்கும் ஈம் என்னும் கிராமத்தின் அருங்காட்சியகத்தைத்தான் சொல்வேன். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நான் அதை ‘எயாம்’ என்றே வாசித்து வந்தேன். ஊர்க்காரர்கள் ‘ஈம்’ என்கிறார்கள். ஈமக்கடன், ஈமத்தாழி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்தப் பெயரே சற்றுத் துணுக்கென்றிருந்தது.

முன்பு மெதடிஸ்ட் தேவாலயமாக இருந்த ஒரு சிறு கட்டடத்தில், 1994 முதல் தன்னார்வலர்கள் இதை நடத்தி வருகிறார்கள். கிளாரன்ஸ் டேனியல் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் சேர்த்து வைத்திருந்த பொருள்களே இதற்கு அடித்தளம். கட்டடத்தின் மேலே காற்றுத் திசைகாட்டியில் சேவல் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் எலி நிற்கிறது.

அந்த எலிக்குக் காரணம் 1665-இல் வந்த பிளேக் என்னும் கொள்ளைநோய். லண்டனிலிருந்து வந்த ஈரத் துணிப்பொதியைக் கணப்பின் அருகே உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தையல் உதவியாளர் செப்டம்பர் முதல் வாரத்தில் இறந்தார். துணியில் ஒட்டி வந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொண்டுவந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். மறு ஆண்டு ஜூனில், ஊர்க் குருவானவர் வில்லியம் மாம்பசனும், அவருக்கு முன் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்த தாமஸ் ஸ்டான்லியும் தங்கள் மனவேற்றுமையை ஒதுக்கிவிட்டு, யாரும் எல்லை தாண்டக் கூடாது என்பதற்கு மக்களை இணங்க வைத்தார்கள். நோய் ஓய்வதற்குள் ஏறத்தாழ 260 பேர் மாண்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இவ்வளவையும் எந்தப் புத்தகத்திலும் படித்துவிடலாம். ஆனால் அந்தச் சிறிய அறையில் மரணங்கள் குடும்பம் குடும்பமாக எழுதி வைக்கப்பட்டிருப்பதால், எண்ணிக்கையாக அறிந்திருந்த ஒன்றைப் பெயர்களாக நின்று வாசிக்க வேண்டியிருக்கிறது. எலிசபெத் ஹான்காக் என்ற தாய் 1666 ஆகஸ்டில் எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள் என்ற செய்திக்கு வந்தபோது என்னால் அடுத்த பலகைக்கு நகர முடியவில்லை. நுழைவுச்சீட்டு கொடுத்த முதிய பெண்மணி அதைக் கவனித்திருக்க வேண்டும். அருகில் வந்து, அந்தக் கல்லறைகள் ஊருக்கு வெளியே வயல்வெளியில் ஒரு வட்டச் சுவருக்குள் இருப்பதாகச் சொல்லி, அங்கே போகும் வழியையும் விவரித்தார். ஊரை அடைத்ததால் உள்ளே இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியதா என்று கேட்டேன். அது ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்வி என்றார். தியாகக் கதையை மெருகேற்றிச் சொல்லாத அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

ஈயச் சுரங்கம், காலணித் தொழில் என்று ஊரின் பிற்கால வாழ்வும் காட்சிக்கு இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அவற்றை நான் மேலோட்டமாகவே பார்த்தேன். போக விரும்புவோர் திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

அங்கிருந்து ஸ்டோனி மிடில்டன் ஊருக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் எல்லைக்கல் இருக்கிறது. அதில் ஆறு குழிகள். காசு வழியே நோய் தொற்றாதிருக்க ஈம் மக்கள் அவற்றில் வினிகரை ஊற்றிக் காசுகளைப் போட்டு வைக்க, பக்கத்து ஊரார் உணவை வைத்துவிட்டு அந்தக் காசுகளை எடுத்துச் சென்றார்களாம். விளிம்புகள் தேய்ந்து வழவழத்திருந்த ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மழைநீரும், எனக்கு முன் வந்தவர் யாரோ போட்டுவிட்டுப் போன சில செப்புக் காசுகளும் இருந்தன.