தீசிஸ் ஃபைலைத் திறக்கவே பயமா இருக்கு

டேட்டா எல்லாம் எடுத்தாச்சு, லிட்டரேச்சர் ரிவ்யூல, அதாவது முன்னாடி வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதுற பகுதியில, ரெண்டு மாசமா ஒரு வரி நகரல, கைடு மெயிலைப் பாத்தாலே வயித்தைக் கலக்குதுன்னு எழுதியிருந்தீங்க. எனக்கும் இதேதான் நடந்துச்சு, அதனால சொல்றேன், இது சோம்பேறித்தனம் இல்லங்க.

முதல்ல கைடுக்கு இன்னைக்கே மூணு வரி மெயில் போடுங்க, எங்க நிக்கிறேன், என்ன சிக்கல், எப்ப பேசலாம், அவ்ளோதான். எழுத்தை விட அந்தப் போடாத மெயில்தான் உங்களை அமுக்குதுன்னு எனக்குத் தோணுது.

அப்புறம் லிட்டரேச்சர் ரிவ்யூவை ஓரமா வச்சிட்டு மெத்தட்ஸ் சாப்டர்ல ஆரம்பிங்க, அது நீங்க கையால செஞ்ச வேலை, ரொம்ப யோசிக்காமலே எழுத வரும், ரிசல்ட்ஸும் எழுதிட்டீங்கன்னா ரிவ்யூவுக்கு எந்த ஆய்வுப் பேப்பர் வேணும் எது வேண்டாம்னு தானா தெரிஞ்சிடும். ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980கள் கடைசியில கொண்டு வந்த பொமொடோரோ முறை இருக்குல்ல, 25 நிமிஷம் வேலை 5 நிமிஷம் ஓய்வு, ஒரு நாளைக்கு ரெண்டு சுத்து போதும், ஃபோன் வேற ரூம்ல இருக்கணும். எழுதும்போதே திருத்தாதீங்க. நிறுத்துறப்போ அடுத்து என்ன எழுதணும்னு ஒரு வரி குறிச்சு வச்சிட்டு எழுந்திரிங்க, மறுநாள் வெறும் பக்கத்தைப் பாத்து முழிக்க வேண்டியிருக்காது.

தூக்கமும் போச்சுன்னா தள்ளிப்போடாம யுனிவர்சிட்டி கவுன்சிலரைப் பாருங்க. கைடு என்ன சொன்னாருன்னு வந்து எழுதுங்க, காத்திருக்கேன்.