முதலில் மொட்டைமாடி, அப்புறம் ஏசி: மின் சிக்கனக் கேள்வி-பதில்

வெயில் தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏசி பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

மாத பில் 4,000 ரூபாய் வருகிறது. மீட்டர் வேகமாக ஓடுகிறதா? (திருச்சி)

தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நீங்கள் சொல்வது எந்தக் கணக்கு? எத்தனை யூனிட்? வீட்டில் என்னென்ன ஓடுகிறது? இது எதுவும் இல்லாமல் ரூபாயை மட்டும் எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். இதைப் பல முறை எழுதிவிட்டேன். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரில் விளக்கு துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எங்கோ கசிவு இருக்கலாம். இன்னொன்று: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 500-க்கு மேலுள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, குறைந்த விலையில் கணக்கிடும் கீழ்ப் படி யூனிட்டுகள் சிலவற்றுக்கும் சேர்த்து ஏறும். 490-லும் 510-லும் நிற்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

பிளக்கில் சொருகினால் 30 சதவீதம் மிச்சம் என்று ஒரு பெட்டி விற்கிறார்களே? (சேலம்)

வாங்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரு சின்ன கெப்பாசிட்டர். அது பவர் ஃபேக்டரைத்தான், அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதத்தைத்தான், திருத்தும். வீட்டு பில் போடுவது யூனிட்டுக்கு, பவர் ஃபேக்டருக்கு அல்ல.

மேல் மாடி பெட்ரூமுக்கு 1.5 டன் ஏசி போதவில்லை. இரவு பதினொன்று வரை அறை குளிர்வதில்லை. 2 டன் மாற்றலாமா? (சென்னை, மடிப்பாக்கம்)

மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் அறையின் அளவு இருக்கிறது, ஏசியின் பிராண்ட் இருக்கிறது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது மட்டும் இல்லை. மேல் மாடி என்றாலே நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, சில மணி நேரம் கழித்து உள்ளே விடும். அதனால்தான் வெளியே காற்று வந்த பிறகும் உங்கள் அறை அடுப்பு மேடை போலக் கொதிக்கிறது. ஏசி காற்றைக் குளிர்விக்கிறது. சீலிங்கோ விடாமல் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறது. டன்னைக் கூட்டினால் அந்த வெப்பத்தைக் கூடுதல் காசு கொடுத்து வெளியேற்றுவீர்கள், அவ்வளவுதான். அறைக்கு மிஞ்சிய ஏசி சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரப்பதத்தைச் சரியாக இழுக்காது. சென்னையில் குளிர்ச்சியை விட அந்தப் பிசுபிசுப்பு போவதுதான் முக்கியம்.

எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. வீடு கட்டும்போது எலிவேஷனுக்கும் தரை டைல்ஸுக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். கூரை என்று வந்தால் "மழை ஒழுகாமல் இருந்தால் போதும்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகத் தளம் போட்டார்கள். கனமும் இருந்தது, வெப்பத் தடையும் இருந்தது. இப்போது நாலைந்து அங்குல காங்கிரீட், அதன் மேல் கருத்துப் போன சிமென்ட் பூச்சு. வெயிலை வாங்கி வீட்டுக்குள் அனுப்ப இதைவிட வேறு வழி வேண்டாம். இன்ஜினீயர்கள் இதைச் சொல்வதில்லை, வீட்டுக்காரர்கள் கேட்பதும் இல்லை.

செய்ய வேண்டியது இது. முதலில் விரிசல், ஒழுகல் எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். அப்புறம் வெள்ளை கூலிங் டைல்ஸ், அல்லது கூல் ரூஃப் பெயின்ட். கையில் பணம் இல்லையென்றால் பசை கலந்த சுண்ணாம்பு இரண்டு கோட். சுண்ணாம்பை ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்க வேண்டும். எதைப் போட்டாலும் மாடியைக் கழுவுங்கள், தூசி படிந்த வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பாது. உள்ளே தெர்மோகோல் ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்வார்கள். தளம் சூடேறிய பிறகு அடியில் தடுப்பது அரைகுறை வேலை, அது தீப்பிடிக்கும் பொருளும்கூட. இவ்வளவும் செய்த பிறகும் 1.5 டன் போதவில்லை என்றால் எழுதுங்கள்.

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா? (மதுரை)

குளிராது. 24-லிருந்து 26 வரை வைத்து மின்விசிறியைப் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம். 2020 முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் 24-ல் தொடங்கும்படி அமைக்கப்படுவது சும்மா இல்லை.

என்னுடையது 5 ஸ்டார் ஏசிதான், ஆனாலும் பில் குறையவில்லை. (தஞ்சாவூர்)

எந்த ஆண்டு 5 ஸ்டார்? அதை எழுத மறந்துவிட்டீர்கள். 2018-ல் ஒரு ஏசி 5 ஸ்டார் பெற செயல்திறன் எண் (செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்பதன் அளவு) 4.5 போதுமாக இருந்தது, 2022-ல் அது 5 ஆனது. நட்சத்திரத்தோடு லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். வீடு மேல் மாடியா? அப்படியென்றால் மடிப்பாக்கத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிஎல்டிசி மின்விசிறி விலைக்குத் தகுமா? (நாகர்கோவில்)

தகும். பிஎல்டிசி என்பது குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு வகை மோட்டார். சாதாரண விசிறி சுமார் 75 வாட், இது சுமார் 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு சுமார் 30 யூனிட் மிச்சம். அதிகம் ஓடும் ஹாலிலும் பெட்ரூமிலும் முதலில் மாற்றுங்கள், எப்போதாவது ஓடும் அறைக்கு அவசரமில்லை. பழைய ரெகுலேட்டரோடு மட்டும் இணைக்காதீர்கள்.

மேற்குப் பார்த்த ஜவுளிக்கடை, முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே கனமான திரை போட்டும் ஏசி திணறுகிறது. (கோவை)

திரைக்கு வந்து சேரும்போதே வெயில் கடைக்குள் வந்துவிட்டது. தடுக்க வேண்டியது கண்ணாடிக்கு வெளியே: சன்ஷேட், மடக்கும் கூடாரம், ஜாலி (துளைகள் உள்ள தடுப்பு) எதுவானாலும் சரி. சாய்வான மாலை வெயிலுக்குக் கிடைமட்ட சன்ஷேட் மட்டும் போதாது, செங்குத்துத் தடுப்பும் வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் அதற்கு அடுத்தபடிதான். ஷோகேஸில் ஹாலோஜன் இருந்தால் இன்றே எல்ஈடிக்கு மாறுங்கள். ஹாலோஜன் எரிவதற்கும் செலவு, அது கக்கும் சூட்டை ஏசி இழுப்பதற்கும் செலவு. வாடிக்கையாளருக்காகக் கதவைத் திறந்தே வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், தானாக மூடும் கதவு போடுங்கள்.

கீசரை நாள் முழுக்க ஆனிலேயே வைத்தால் மிச்சம் என்கிறார் என் மைத்துனர். (வேலூர்)

தவறு. குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு போடுங்கள், முடித்ததும் அணையுங்கள். தெர்மோஸ்டாட்டை 50-ல் வையுங்கள்.