பூசும் கத்தி முதல் பூ இடும் நாசில் வரை: கேக் கேள்வி – பதில்

கேள்வி: மகளின் பிறந்தநாள் மே மாதத்தில் வருகிறது. சென்ற ஆண்டு பட்டர் க்ரீமில் நான் இட்ட ரோஜாக்கள், மெழுகுவத்தி ஏற்றுவதற்குள் கேக்கின் பக்கவாட்டில் வழிந்துவிட்டன. போதிய நேரம் அடிக்காததுதான் காரணமா?
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் அடித்ததில் குறையில்லை, குறையெல்லாம் மதுரை வெயிலில்தான். வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டும்போதே குழைந்து, 35 டிகிரியை நெருங்கும்போது உருகிவிடும். மின்விசிறி மட்டும் ஓடும் கூடத்தில் கோடை மாலையில் அதைப் பூவாக நிற்கவைக்க யாராலும் முடியாது. வெண்ணெயில் பாதிக்குப் பதிலாக ஷார்ட்டனிங் என்னும் கெட்டியான தாவரக் கொழுப்பைச் சேர்த்தால் பூ சற்று நேரம் தாங்கும். ஆனால் நாக்கில் ஒரு பிசுக்கு ஒட்டிக்கொள்வதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

கோடையில் நான் கையாள்வது, பேக்கரிக்காரர்கள் வாங்கும் பால் சேராத விப்பிங் க்ரீம். உறைந்த பெட்டியை முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி, ஓரிரு பனித்துணுக்குகள் இன்னும் மிதக்கும் நிலையில், குளிரவைத்த பாத்திரத்தில் ஊற்றி மிதமான வேகத்தில் அடியுங்கள். க்ரீமை அடிக்கும் பீட்டரைத் தூக்கும்போது நுனி இலேசாக வளைந்தால் பூசுவதற்குரிய பதம். நேராக நின்றால் பூ இடும் பதம். அதற்கு மேல் அடித்தால் திரிதிரியாகிவிடும். குருமாவில் ஊற்றும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீமை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள்; பாலில் எடுத்த க்ரீம் அடித்து நிற்க வேண்டுமானால் கொழுப்பு 35 சதவீதமாவது இருப்பது நல்லது.

கேள்வி: வெள்ளை க்ரீம் பூசும்போது கேக் துகள்கள் கலந்து அழுக்கடைந்ததுபோல் தெரிகிறதே?
– வாசகி, கோவை

பதில்: சுவருக்கு ப்ரைமர் அடிப்பதுபோல, முதலில் கேக்கின் நிறம் ஆங்காங்கே தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசி, அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். துகள்கள் அதற்குள் சிறைப்பட்டுவிடும். இரண்டாம் பூச்சின்போது கத்தியை அசைக்காமல் கேக்கின் பக்கத்தில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, கேக் வைத்திருக்கும் சுழல்மேடையை மட்டும் மறுகையால் திருப்புங்கள். துகள் ஒட்டிய கத்தியை மீண்டும் க்ரீம் கிண்ணத்தில் விடாதீர்கள். பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: 3,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். க்ரீம் பிழியும் குழல்முனைகளான நாசில்கள் 48 கொண்ட பெட்டி ஒன்றைப் பார்த்தேன், வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். அப்படியொரு பெட்டியை ஆசையாக வாங்கிய எனக்கு, அவற்றுள் ஐந்தாறுதான் பயன்பட்டன, மற்றவை துருப்பிடித்தன. முதலில் கிராம் கணக்கில் காட்டும் எடைத்தராசு, பிறகு கேக் வேகும் மின் அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி, அடுத்து சுழல்மேடை, க்ரீம் பூசுவதற்கான கழுத்து வளைந்த பேலட் கத்தி என்ற வரிசையில் வாங்குங்கள். நாசிலில் ‘1எம்’ என்று கேட்டால் தரும் நட்சத்திர வாய் ஒன்றே நெடுநாள் போதும்: நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றினால் ரோஜா, வெளியிலிருந்து உள்நோக்கி ஏற்றினால் கோபுரம். நாசில் பொருத்திய க்ரீம் பிழியும் பையை உயரமான எவர்சில்வர் டம்ளரில் இறக்கி, விளிம்பை வெளிப்புறம் மடித்துவிட்டு க்ரீமை நிரப்பினால் கை பிசுபிசுக்காது. பாதிக்கு மேல் மட்டும் நிரப்பாதீர்கள்.

கேள்வி: ஓடிஜி என்னும் சிறிய மின் அடுப்பில் வைக்கும் கேக் நடுவில் குன்றுபோல் எழும்பி வெடிக்கிறது. அதன்மேல் எப்படி அலங்கரிப்பது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஓரம் முந்திக்கொண்டு இறுகிவிடுவதால், வேகாத மாவு நடுவில் மேலேறி வெடிக்கிறது. திருகியில் 180 என்று வைத்திருந்தாலும் உள்ளே சூடு அதற்கு மேல் இருக்கலாம். வெப்பமானியை வைத்துப் பார்த்து 160 டிகிரிக்குக் குறையுங்கள், நேரம் சற்றுக் கூடும். பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டுவதும் ஓரத்தின் வேகத்தைத் தணிக்கும். துணி சூட்டுக் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் எழும்பினால், கேக் நன்றாக ஆறியபின் ரம்பப்பல் கத்தியால் மேட்டைச் சீவிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து, சமமான அடிப்பக்கத்தின்மேல் அலங்கரியுங்கள். சீவிய துண்டுகளுக்கு வீட்டில் ஆளா இல்லை?