ஃபர்பி தமிழ் பேசுமா?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் ஏழு வயது நிறைகிறது. காட்பாடியில் நாத்தனார் வீட்டில் ஃபர்பி என்ற பேசும் பொம்மையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறாள். நாலாயிரத்துக்கு மேல் ஆகுமாம். நாம் பேசப் பேச நம் மொழியைக் கற்றுக்கொள்ளும் என்கிறார் நாத்தனார். “ஆட்டுக்குட்டி இருக்கிற வீட்டில் பேட்டரி பொம்மைக்கு இவ்வளவு காசா?” என்கிறார் மாமியார். வாங்கலாமா அக்கா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: ஃபர்பி தமிழ் கற்றுக்கொள்ளாது. எந்த மொழியையும் கற்றுக்கொள்ளாது. 1998-இல் அமெரிக்காவின் டைகர் எலக்ட்ரானிக்ஸ் அதைக் கொண்டுவந்தபோதே இந்தக் கண்கட்டு வித்தை அதில் இருந்தது. முதலில் ‘ஃபர்பிஷ்’ என்ற சொந்த உளறல். நாள் போகப்போக நடுநடுவே ஆங்கிலச் சொற்கள். பிள்ளைக்குத் தான் சொல்லிக்கொடுத்துத்தான் வந்தது என்று பூரிப்பு. சொற்கள் அத்தனையும் தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்து மூடப்பட்டவை. பொம்மை அவற்றைத் தவணை முறையில் அவிழ்த்து விடுகிறது, அவ்வளவுதான்.

நாத்தனாரைக் கிண்டல் செய்யாதீர்கள். ஃபர்பி வந்த புதிதில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையே, அலுவலகப் பேச்சைக் கேட்டு வெளியே போய் ஒப்பித்துவிடுமோ என்று ஃபர்பிக்குத் தடை போட்டது. பதிவு செய்யும் வசதியே அதில் கிடையாது! இப்போது ஃபர்பியைத் தயாரிக்கும் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2023-இல் விட்ட புது ஃபர்பியும் சில குரல் கட்டளைகளுக்கு ஆடிப் பாடும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு குரைக்கும் நாய் இருந்தது. அண்ணன் மகனுக்கு நான்தான் வாங்கினேன். மூன்று வாரத்தில் அதன் வித்தைகள் தீர்ந்தன, பீரோ மேல் ஏறியது. ஒரு நள்ளிரவில் தானாகவே கரகரவென்று குரைத்து வீட்டையே எழுப்பிவிட்டது. மூடியைத் திறந்தால் பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. விளையாடாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆட்டுக்குட்டி கூப்பிட்டால் வரும், சில நாள் வராது, கறிவேப்பிலைச் செடியை மொட்டையடிக்கும்; அதன் சேட்டை மூன்று வாரத்தில் தீராது. ஆனால் உங்கள் மகள் கேட்பது ஆட்டுக்குட்டிக்குப் பதிலாக ஒன்றையல்ல. அத்தை வீட்டில் இருப்பது தன்னிடமும் இருக்க வேண்டும் என்கிறாள். அதனால் நாத்தனாரிடம் ஒரு வாரம் இரவல் கேளுங்கள். ஏழாம் நாளும் மகள் அதைத் தேடினால் வாங்கிக் கொடுங்கள். ‘நீ சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தமிழ் வராதபோது, தான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்.

வாங்கும்போது பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்; இறக்குமதிப் பொம்மைக்கும் விலக்கு இல்லை. வேலூர் லாங் பஜார் பக்கம் மலிவான போலிகள் கண்ணில் பட்டால், பேட்டரி மூடியைத் திருப்பிப் பாருங்கள். திருகாணி இல்லாமல் நகத்தால் நெம்பினாலே திறக்கிறதா, உள்ளே பொத்தான் பேட்டரியா, அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பிறந்தநாள் காலையில் பேட்டரி இல்லாமல் விழிக்காதீர்கள். எத்தனை, என்ன அளவு என்று பெட்டியில் பார்த்து முதல் நாளே வாங்கி, கூடவே ஒரு சின்ன ஸ்டார் திருப்புளியும் எடுத்து வையுங்கள். மாட்டி முடித்ததும் திருப்புளியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுக்கு பொம்மையைவிட அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் ஆசை அதிகம்.