மகன் சைக்கிள் ஓட்டத்தையே தொழிலாக்க நினைக்கிறான்: டென்மார்க்கின் ஹேர்னிங்கில் இருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அக்கா,

உங்கள் மகனுக்குப் பதினேழு வயது. ஜூனியர் பிரிவில் முதல் ஆண்டிலேயே சில ஓட்டங்களில் மேடை ஏறிவிட்டான். இப்போது ஒரு ஏஜென்ட் தொலைபேசி எடுத்து, பெல்ஜியத்தில் ஒரு ஜூனியர் அணி அவனைக் கேட்கிறது, சீக்கிரம் கையெழுத்து வேண்டும் என்கிறார். மகன் கிம்னாசியத்தை (இங்குள்ள உயர்தரப் பள்ளியை) விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அப்பா ஒன்றும் கதைக்காமல் இருக்கிறார். மறிப்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட விடுங்கள். படிப்பை நிறுத்த விடாதீர்கள். இந்த ஆண்டு எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். வெறுமனே வேண்டாம் என்றால் அவன் உங்களோடு சண்டை பிடிப்பான். காரணத்தோடு சொன்னால் யோசிப்பான். இதை அவனுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

அவனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது விளங்கக்கூடியதுதான். 2022-இல், உலகின் மிகப் பெரிய சைக்கிள் ஓட்டமான டூர் டி பிரான்ஸ் கோப்பன்ஹேகனில் தொடங்கியது. மூன்றாம் நாள் வைலேயிலிருந்து புறப்பட்டது. வீதியோரம் எல்லாம் சனம். அந்த ஆண்டு டூரை வென்றதும் இந்த நாட்டுக்காரரான யோனாஸ் விங்ககோர். அன்று பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அதைப் பார்த்த பிள்ளைகள்தான் இப்போது ஜூனியர் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள். உங்கள் மகனைப் போல ஆசைப்படுகிறவர்கள் டென்மார்க்கில் முன்பைவிடக் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏஜென்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒழுங்கு வேறாக இருந்தது. 17, 18 வயதில் ஜூனியர். அதன்பிறகு 19 முதல் 22 வரை, 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு. அந்த நான்கு வருடங்களில் பிள்ளை வளர்ந்து, தோற்று, பழகி, அதற்குப் பிறகுதான் பெரிய அணி. இதை உடைத்தவர் பெல்ஜியத்தின் ரெம்கோ எவனப்பூல். கால்பந்தாட்டத்தை விட்டுவிட்டு 2017-இல்தான் சைக்கிளுக்கு வந்தார். 2018-இல் இன்ஸ்புரூக் உலகப் போட்டியில், எல்லாரும் சேர்ந்து ஓடும் வீதி ஓட்டம், ஒவ்வொருவராகத் தனியே நேரத்தோடு ஓடும் நேர ஓட்டம் என்று ஜூனியர் தங்கம் இரண்டையும் எடுத்தார். இடைப்பட்ட பிரிவில் ஓடாமல் நேரே முதல்தர அணிக்குப் போய், 2019 ஆகஸ்டில் 19 வயதில் ஸ்பெயினின் சான் செபாஸ்தியன் ஓட்டத்தை வென்றார். அதே ஆண்டு கொலம்பியாவின் ஈகன் பெர்னால் 22 வயதில் டூரை வென்றார். அடுத்த ஆண்டு ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சார், தன் 22-ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அதையே வென்றார். அடுத்த பொகாச்சாரைப் பக்கத்து அணி பிடித்துவிடும் என்ற பயம் அன்று முதல் எல்லா அணிகளுக்கும் வந்துவிட்டது. அதனால்தான் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளின் வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது. அந்தப் பயம் அணிகளுடையது, அதை உங்கள் வீட்டுக்குள் விடாதீர்கள்.

இந்த உதாரணங்களை உங்கள் மகன் உங்களுக்கு முன்பே சொல்லியிருப்பான். ஆனால் பெர்னால் 2017-இலும் பொகாச்சார் 2018-இலும் வென்ற டூர் த லவ்னிர், 23 வயதுக்குட்பட்டோருக்கான ஓட்டம். மெக்சிக்கோவின் ஈசாக் டெல் டோரோ 2023-இல் அதையே வென்றுவிட்டுத்தான் பெரிய அணிக்கு வந்தார். அவர்கள் அந்தப் படியில் காலை வைத்துத்தான் ஏறினார்கள். பிரான்சின் போல் செய்க்சாஸைப் பாருங்கள். 2024-இல் ஜூனியர் நேர ஓட்டத்தில் உலகச் சம்பியன். 2025-இல் 18 வயதில் முதல்தர அணியில் சேர்ந்து, பெரிய தலைகள் ஓடிய டோஃபினே என்ற பிரெஞ்சு ஓட்டத்தில் எட்டாவதாக வந்தார். அப்படிப்பட்ட பிள்ளையையே அந்த ஆண்டு டூர் டி பிரான்சுக்கு அணி அனுப்பவில்லை. ஆகஸ்டில் தன் வயதுக்காரரோடு டூர் த லவ்னிர் ஓடி, வென்றுவிட்டு வந்தார். மிக அரிய திறமைக்கும் பொறுமை காட்டும் அணிகள் இருக்கின்றன. மகனுக்குத் தேட வேண்டியது அப்படியான அணியை.

இனி, உங்கள் ஊருக்கு வடக்கே இருக்கிற ஒருவரைப் பற்றி. விங்ககோர் தீ (Thy) என்ற வட்டாரத்தில் ஹிலர்ஸ்லேவ் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். சிறிய உடம்பு. ஜூனியராக இருந்தபோது அவர் பெயர் வெளியே பெரிதாக அடிபடவில்லை. இருபது வயதைத் தாண்டியும் கொலோக்விக் என்ற மூன்றாந்தர டெனிஷ் அணியில்தான் ஓடிக்கொண்டிருந்தார். அந்தச் சம்பளத்தில் வாழ முடியாது என்பதால், ஹான்ஸ்ட்ஹோல்ம் துறைமுகத்தில் விடியக்காலையிலேயே மீன் வேலைக்குப் போவார். ஐஸ், மீன், பெட்டி, திரும்ப ஐஸ். அந்த வேலை கையை என்ன செய்யும் என்று நம்மவர் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது முடிந்த பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போவார். ஒருமுறை ஸ்பெயினில் பயிற்சி முகாமுக்குப் போன இடத்தில், கோல் த ராத்தஸ் என்ற மலையேற்றத்தில் பெரிய அணிக்காரர் பலர் வைத்திருந்த நேரத்தை முறியடித்தார். ஓட்ட நேரங்களைப் பதியும் ஸ்ட்ராவா என்ற செயலியில் அது பதிவாக, பெரிய அணியின் கண் அவர் மேல் விழுந்தது. 2019-இல் அங்கே சேர்ந்தார். 2021-இல் டூரில் இரண்டாவது, 2022-இலும் 2023-இலும் முதலாவது.

இதில் மகன் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. இன்று எத்தனை வாட் வலுவில், எவ்வளவு நேரம், எந்த ஏற்றத்தில் ஓடினான் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிகிறது. உண்மையான பலம் இருந்தால் பத்தொன்பதிலும் தெரியும், இருபத்திரண்டிலும் தெரியும். ஆஸ்திரேலியாவின் ஜே வைன் ஸ்விஃப்ட் என்ற செயலியில் வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கும் போட்டி ஒன்றை வென்று, 25 வயதில் ஒப்பந்தம் பெற்றார். ப்ரிமோஜ் ரோக்லிச் பனிச்சறுக்குத் தாவலில் இருந்து வந்து 26 வயதில் முதல்தர அணியில் சேர்ந்தவர். டூரைப் போன்ற மூன்று வார ஓட்டமான ஸ்பெயினின் வுவெல்டாவை நான்கு முறை வென்றிருக்கிறார். இப்போது பிடிக்காவிட்டால் பேருந்து போய்விடும் என்று ஏஜென்ட் சொன்னால், இந்த மூன்று பேரையும் சொல்லிக் காட்டுங்கள்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல்தர ஆண்கள் அணிகள் உலகத்துக்கே பதினெட்டு. ஒவ்வொன்றிலும் முப்பது பேர் வரை. ஆக மொத்தம் ஐந்நூற்றுச் சொச்ச வேலை. அதிலும் பெரும்பாலானவர்கள் வெல்வதற்காக ஓடுவதில்லை. தலைவனுக்குக் காற்றை மறைத்து ஓடுவது அவர்கள் வேலை. கூட்டத்தின் பின்னால் அணிக் காருக்குப் போய், ஏழு எட்டுத் தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள்ளும் சட்டையின் முதுகுப் பக்கப் பைகளிலும் அடைத்துக்கொண்டு, முழுக் கூட்டத்தையும் மறுபடி தாண்டி முன்னே போய், ஒவ்வொருவருக்காகக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு மலை ஏற வேண்டும். அந்த வேலையைப் பத்து வருடம் சந்தோசமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது கௌரவமான தொழில். மகனிடம் கேளுங்கள்: உன் பெயர் ஒருநாளும் பேப்பரில் வராத இந்த வேலைக்கும் நீ தயாரா? டக்கென்று ஓம் என்றால் நம்பாதீர்கள். ஒரு கிழமை கழித்து வந்து ஓம் என்றால் நம்பலாம்.

பதினேழு வயது வெற்றியை அளவோடு எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு உடம்பும் ஒரு காரணம். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை முளைத்திருக்கும், இன்னொருவனுக்குக் குரலே இப்போதுதான் உடைந்திருக்கும். முந்தி வளர்ந்தவன் ஜூனியர் ஓட்டங்களை வெல்வான். மூன்று வருடத்தில் மற்றவன் எட்டிப் பிடித்துவிடுவான். அப்படியே நீடித்தவர்களும் உண்டு. இந்த நாட்டின் மாட்ஸ் பேடர்சன் 2013-இல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்று, 2019-இல் பெரியவர்களின் உலகச் சம்பியன் ஆனார். உங்கள் மகன் எந்த வகை என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் காட்டித்தருவது 19 முதல் 22 வரையான அந்த நான்கு வருடங்கள்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி வேறு. சோற்றைத் தராசில் நிறுத்துச் சாப்பிடுகிறான், இரவில் புட்டைத் தொடுவதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அக்கா, அதைப் போகிறபோக்கில் விட வேண்டாம். மலையில் எடை குறைவு உதவும் என்பதால் இந்த விளையாட்டில் பிள்ளைகள் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வது நடக்கிறது. சைக்கிளில் உடம்பின் பாரம் எலும்பில் விழுவதில்லை. அதனால் ஓட்டக்காரர்களின் எலும்பு ஏற்கெனவே மெலிய இடமுண்டு. சாப்பாடும் குறைந்தால் விழும்போது முறியும். அடிக்கடி தடிமன், ஆறாத காயம், காரணமில்லாத எரிச்சல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நிற்பது, இவையெல்லாம் எச்சரிக்கைகள். கண்டால் மருத்துவரிடம் போங்கள்.

அவனுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இன்றைய முன்னணி ஓட்டக்காரர்கள் நீண்ட ஓட்டங்களில் மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாச்சத்து எடுக்கிறார்கள். அவர்கள் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் அந்த வெள்ளித்தாள் பொட்டலத்தைப் பிரித்தால், பல நேரம் உள்ளே இருப்பது சோறு. குழையக் காய்ச்சி, இனிப்புச் சேர்த்து, அமத்திக் கட்டியாக வெட்டியது. உங்கள் அடுப்படியில் இருப்பதைத்தான் அவர்களும் தின்று மலை ஏறுகிறார்கள்.

மருந்து விசயத்தில் நம் வீடுகளுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் லேகியம், சூரணம், சக்திப் பொடி என்று அன்போடு கொடுப்போம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று போத்தலில் இருக்காது. பரிசோதனையில் ஏதாவது வந்தால், அம்மா தந்தது, எனக்குத் தெரியாது என்பது அவனைக் காப்பாற்றாது. உடம்புக்குள் போனதற்கு ஓட்டக்காரனே பொறுப்பு என்பதுதான் சட்டம். கடையில் வாங்கும் தடிமன் குளிசையும் அப்படித்தான். டென்மார்க்கின் ஊக்கமருந்து எதிர்ப்பு நிறுவனத்தில் கேட்டுவிட்டே எதையும் கொடுங்கள்.

விழுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஆறுதலாக எழுதப் பொய் சொல்ல மாட்டேன். 2019-இல் போலந்து ஓட்டத்தில் பெல்ஜியத்தின் பியோர்க் லாம்ப்ரெக்ட் 22 வயதில் இறந்தார். 2024-இல் சூரிச்சில் நடந்த உலகப் போட்டியில் 18 வயது சுவிஸ் ஜூனியர் மூரியல் ஃபூரர் விழுந்தார், காப்பாற்ற முடியவில்லை. இருவரும் மிகவும் எதிர்பார்க்கப்பட்டவர்கள். இந்த ஆபத்தை முழுவதும் நீக்க முடியாது. ஆனால் இறக்கத்தில் எப்படி ஓடுவது, கூட்டத்துக்குள் எப்படி நிற்பது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளரிடம் இருப்பதும், தன் பலத்துக்கு மீறிய கூட்டத்தில் முந்தியே போய் மாட்டாமல் இருப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன.

ஒப்பந்தம் பின்னர் வரும்போது பார்க்க வேண்டியவை. எந்தத் தர அணி? முதல் இரண்டு தரங்களில் குறைந்தபட்சச் சம்பளம் விதியாக உண்டு, மூன்றாந்தர அணிகளுக்கு அப்படி ஒரு உலக விதி இல்லை. ஊழியராக எடுக்கிறார்களா, சுயதொழில் என்று எழுதுகிறார்களா? கை முறிந்து நான்கு மாதம் வீட்டில் இருந்தால் யார் காசு தருவது? ஏஜென்டுக்கு எத்தனை வீதம், எத்தனை வருடம்? பதினெட்டு ஆகும்வரை பெற்றோர் சம்மதம் தேவை என்பதால், உங்களைக் கூப்பிடாமல் எதுவும் நடக்க முடியாது. ஒரு சட்டத்தரணிக்குக் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

கடைசியாகப் படிப்பு. டென்மார்க்கில், தேர்ந்த விளையாட்டுக்காரருக்கு உதவும் டீம் டென்மார்க் என்ற அமைப்பின் ஏற்பாட்டில், தேர்ந்த விளையாட்டுப் பிள்ளைகள் மூன்று வருடக் கிம்னாசியத்தை நான்கு வருடமாகப் பரப்பிப் படிக்கலாம். காலையில் பயிற்சி, ஓட்டத்துக்குப் போகும் நாட்களுக்கு விடுப்பு எல்லாம் அதற்குள் வரும். ஒரு விபத்தோடு தொழில் முடிந்தாலும் பிசியோதெரப்பி, விளையாட்டு விஞ்ஞானம், போசாக்கு, பொறியியல் என்று எந்தப் பக்கமும் போக இந்தச் சான்றிதழ் வேண்டும். அணிகளுக்குள்ளேயே இந்த ஆட்களுக்கு வேலை இருக்கிறது. பெல்ஜிய ஓட்டங்கள் வேண்டுமென்றால், கோடை விடுமுறையில் கிளப்போடோ தேசிய அணியோடோ போய் ஓடிவிட்டு வரட்டும்.

ஏஜென்டுக்கு மகனே பதில் எழுதட்டும்: இப்போது படிக்கிறேன், ஜூனியர் இரண்டாம் ஆண்டு முடியும்போது கதைப்போம். அவனில் உண்மையாக நம்பிக்கை வைத்தவர் என்றால் காத்திருப்பார். அப்புறம், கிம்னாசியத்தின் கல்வி ஆலோசகரிடம் நேரம் எடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கதைக்காமல் இருப்பது மகனை அதிகம் உறுத்தும். அடுத்த பருவத்து ஓட்ட நாட்காட்டியை அச்செடுத்துக் கொண்டுபோனால், எந்தத் தேர்வு எந்த ஓட்டத்தோடு மோதுகிறது என்று அங்கேயே குறித்து, ஆண்டைப் பிரித்துத் தரச் சொல்லலாம்.